உண்மையின் பக்கம் நின்ற கலைஞர்

வங்கம் ஈன்ற திரைமேதை சத்யஜித் ராய் 1921 மே 2 அன்று கல்கத்தாவில் பிறந்தார். எழுத்தாளரான தந்தை சுகுமார் ராய், மகன் சிறு குழந்தையாயிருந்தபோதே மறைந்தார். தாயார் சுப்ரபா பாடுபட்டு வளர்த்தார். சாந்திநிகேதனில் ஓவியம் பயின்ற ராய், பணமுடையால் பலமுறை நின்றுபோன 'பாதேர் பாஞ்சாலி' படத்தை 1955-இல் வெளியிட்டு உலகப் புகழ் பெற்றார்.

1983-இல் மாரடைப்பு அவரைத் தாக்கியது. வெளியிடங்களில் அலையக் கூடாதென்று மருத்துவர்கள் தடுத்ததால், ஸ்டுடியோவுக்குள்ளேயே 1989-இல் 'கணசத்ரு' படத்தை எடுத்தார். 'மக்கள் பகைவன்' என்பது இதன் பொருள். நார்வே நாட்டு இப்சன் 1882-இல் எழுதிய நாடகமே இதற்கு மூலம்.

கோயில் தீர்த்தத்தில் கிருமி கலந்து மஞ்சள் காமாலை பரவுவதை டாக்டர் அசோக் குப்தா கண்டறிகிறார். ஊரின் வருமானம் கெடுமென்று அஞ்சி, செல்வாக்கு மிக்க சொந்தத் தம்பியே அவர் வாயை அடைக்கப் பார்க்கிறார். இப்சனின் டாக்டரை ஊரே கைவிடுகிறது. ராயின் டாக்டருக்கோ முடிவில் இளைஞர் கூட்டம் துணை வருகிறது.

இது நமக்குத் தொலைவான கதையன்று. 2022 ஜூலையில் நம் காரைக்காலில் காலராவும் வயிற்றுப்போக்கும் பரவி, சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கக் கற்றோம்.

1992 ஏப்ரல் 23 அன்று ராய் மறைந்தார். தண்ணீர் கெட்டதென்று சொல்பவர் ஊரின் பகைவரல்லர், ஊரை நேசிப்பவரே. நாமெல்லோரும் அந்த டாக்டராக முடியாமற் போகலாம். அவரைத் தனியே விடாத இளைஞர் கூட்டமாக நிச்சயம் இருக்கலாம் அல்லவா?