மலையடிவாரத்தில் ஒரு கலைக்கூடம்

கட்டடக் கலைஞர் மண்ணை நோக்கிக் கட்டடம் எழுப்புகிறார். திரைக்கலைஞர் கதையை நோக்கி ஊரையே எழுப்புகிறார். இவ்விரு நோக்கையும் ஓரிடத்தில் இணைத்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனர் டி. ஆர். சுந்தரம் ஆவார்.

1907-ஆம் ஆண்டு திருச்செங்கோட்டில் பிறந்த இவர், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார். தாயகம் திரும்பியபின் திரைப்படத் துறையில் இறங்கினார். படம் எடுப்பதற்குத் தமிழர் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் பயணப்பட்ட காலம் அது. 1930-களின் நடுவில், சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் தமது படப்பிடிப்பு நிலையத்தை நிறுவினார். 1937-இல் அதன் முதற்படமான 'சதி அகல்யா' வெளிவந்தது.

அவர் தேர்ந்த இடமே நம் சிந்தனைக்குரியது. மரமும் துணியும் சாந்தும் கொண்டு அரண்மனையைத் தளத்தினுள் அமைத்துவிடலாம். மலையை எவரும் அமைக்க இயலாது. ஆகவே கட்ட இயலாததன் அருகில் கட்ட இயன்றதை வைத்தார். வாயிலைக் கடந்தால் காடும் பாறையும் மலைப்பாதையும் காட்சிக்குக் காத்திருந்தன.

அந்நிலையத்தில் உருவான படங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. நம் புதுக்கோட்டை மண்ணின் மைந்தர் பி. யு. சின்னப்பா இரட்டை வேடமேற்ற 'உத்தம புத்திரன்' 1940-இல் வந்தது. 1956-இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகும். அராபியக் கதையின் மாளிகையையும் குகையையும் அது தமிழ்ச் சிற்றூர்களுக்குக் கொண்டு சேர்த்தது. இஸ்லாமியர் வாழ்வைச் சொல்லும் 'கண்டம் பெச்ச கோட்டு' 1961-இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமாயிற்று.

1963-இல் சுந்தரம் மறைந்தார். படத்திற்கென எழுந்த மாளிகைகள் படம் முடிந்ததும் கலைந்தன. பின்னாளில் நிலையமும் மறைந்தது. நுழைவாயில் வளைவு மட்டுமே சாலையோரம் எஞ்சியுள்ளது. மலையோ அன்றுபோலவே நிற்கிறது.

கட்டடம் பயில விழையும் மாணவர்க்குத் திரைப்படம் கற்பிப்பது இதுவே: உள்ளே நுழைபவரின் கண் முதலில் எதைக் காணும், ஒளி எங்கிருந்து விழும், சாளரத்திற்கு அப்பால் என்ன தெரியும் என எண்ணிய பிறகே சுவர் எழுப்புதல் வேண்டும். அறந்தாங்கிப் பகுதியில் மலையில்லை. கண்மாயும் பனையும் பரந்த வானமும் உண்டு. அவற்றிற்கு முதுகு காட்டியே நம் புதிய கட்டடங்கள் பல எழுகின்றன. கண்மாயைத் தூர்த்து மாளிகை எழுப்புவோமாயின், மாளிகை பழுதுறும் நாளில் நமக்கென எஞ்சுவது ஒன்றுமிராது. கண்மாயை நோக்கி வாயில் வைப்போமாயின், நம் பேரப்பிள்ளைகளுக்கு நீரேனும் எஞ்சும்.