பச்சையப்பர்: கொடையும் கணக்கும்

பெரிய காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் கோயில் தூண் ஒன்றில், குதிரைமேல் அமர்ந்த மனிதர் ஒருவரின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. அவர் அரசரும் அல்லர், படைத்தலைவரும் அல்லர். சென்னையிலிருந்து அடிக்கடி இங்கு வந்து வழிபட்டு, இக்கோயில் திருப்பணிக்குப் பெரும்பொருள் வழங்கிய வணிகர் பச்சையப்பர் அவர். நாற்பது ஆண்டுகளே வாழ்ந்தவர். அவர் பொருள் ஈட்டிய கதை சிறியது. அவர் விட்டுச்சென்ற பொருள் பட்ட பாட்டின் கதை அதனினும் நீண்டது.

பச்சையப்பர் 1754ஆம் ஆண்டு ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்னரே தந்தையார் மறைந்துவிட்டார். பெரியபாளையத்தில் சில காலம் வாழ்ந்த தாய், பின்னர்ப் பிள்ளைகளுடன் சென்னைக்கு வந்து, நாராயண பிள்ளை என்னும் துபாஷியின் ஆதரவைப் பெற்றார். அவரிடமே பச்சையப்பர் கணக்கும் வணிகமும் பயின்றார்.

துபாஷி என்னும் சொல்லுக்கு இருமொழி அறிந்தவர் என்பது பொருள். ஆனால், அக்காலத் துபாஷி வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். ஆங்கில வணிகருக்குச் சரக்கு வாங்கித் தருவது, கடன் திரட்டுவது, வரவு செலவு எழுதுவது, உள்நாட்டாரோடு பேரம் பேசுவது ஆகிய அனைத்தும் அவர் கையில் இருந்தன. இளமையிலேயே இத்தொழிலில் தேர்ந்த பச்சையப்பர், ஆங்கில அதிகாரிகளின் துபாஷியாக உயர்ந்தார். வரி வசூல் குத்தகைகளில் ஈடுபட்டார். தஞ்சை அரசோடு பெருந்தொகைக் கொடுக்கல் வாங்கல் நடத்தினார். இவ்வகைச் செல்வத்தின் ஒரு பகுதி உழவர் செலுத்திய வரியிலிருந்து வந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. அக்காலத்துத் துபாஷிகள் பலரும் இவ்வாறே பொருள் ஈட்டினர். அப்பொருளை எதற்கென ஒதுக்கினார் என்பதில்தான் பச்சையப்பர் வேறுபட்டார்.

சிதம்பரம் கோயிலின் கிழக்குக் கோபுரத் திருப்பணியிலும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. காஞ்சிக்கும் சென்னைக்கும் இடையே அவர் மேற்கொண்ட பயணங்கள் பல. அந்நாளில் அஃது எளிய வழியன்று.

1794ஆம் ஆண்டு மார்ச் மாதம் தஞ்சைப் பகுதியில் இருந்தபோது அவர் நோய்வாய்ப்பட்டார். முடிவு நெருங்குவதை உணர்ந்து, மார்ச் 22ஆம் நாள் உயில் எழுதினார். காசி முதல் குமரி வரையுள்ள திருத்தலங்களில் வழிபாடும் அன்னதானமும் நடைபெறத் தம் செல்வத்தின் பெரும்பகுதியை ஒதுக்கினார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பைத் தம்மை வளர்த்து ஆளாக்கிய நாராயண பிள்ளையிடம் ஒப்படைத்தார். மார்ச் 31ஆம் நாள் மறைந்தார்.

இங்குச் சற்று நின்று நோக்க வேண்டும். பிறர் கணக்கைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவர் பச்சையப்பர். ஒரு வராகன் குறைந்தாலும் எங்கே போயிற்று என்று கேட்கத் தெரிந்தவர். ஆயினும், தம் அறத்தை அவர் ஒப்படைத்தது ஒரு மனிதர்மீது வைத்த நம்பிக்கையிடமே. அந்த மனிதருக்குப் பின் யார் பொறுப்பு, அவரிடம் கணக்குக் கேட்பவர் யார், எத்தனை மாதத்திற்கு ஒருமுறை கேட்பது என்பனவற்றுக்கு வலுவான ஏற்பாடு அமையவில்லை. மரணப் படுக்கையில் இருந்தவரிடம் இதனைக் குறையாகச் சொல்வது கடுமை என்று தோன்றலாம். ஆனால் விளைவும் கடுமையாகவே இருந்தது.

அவர் மறைந்தபின் மனைவியர் இருவருக்கும் உறவினருக்கும் இடையே சொத்துரிமைப் பூசல் எழுந்தது. பொறுப்பு கைமாறிக்கொண்டே சென்றது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. உயிலில் எழுதப்பட்ட அறங்கள் பல ஏட்டளவிலேயே நின்றன. பசித்து வந்தவருக்குச் சோறிட வைத்த பணம், பல பேருடைய பேரேடுகளில் சிதறிக் கிடந்தது.

மீட்பு நீதிமன்றத்தின் வழியே வந்தது. சென்னையில் அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஹெர்பர்ட் காம்ப்டன் இதனைக் கையில் எடுத்தார். அவருக்குப்பின் அப்பதவிக்கு வந்த ஜார்ஜ் நார்ட்டன் விடாது தொடர்ந்தார். பொது அறத்துக்கென விடப்பட்ட பொருளைத் தனியொருவர் உரிமைபோல் வைத்திருக்க இயலாது என்பதே வழக்கின் உயிர்நாடி. சிதறிய தொகை வட்டியோடு திரட்டப்பட்டது. நகரத்து இந்துப் பெருமக்களைக் கொண்ட அறங்காவலர் குழு பொறுப்பேற்றது. தனிமனிதர் கையிலிருந்த அறம் ஒரு நிறுவனத்தின் கைக்கு வந்தது.

கோயில் அறங்களுக்கு வேண்டியது போக எஞ்சிய தொகை கல்விக்கென ஒதுக்கப்பட்டது. 1842 ஜனவரி 1ஆம் நாள் சென்னை பிராட்வேயில் பச்சையப்பர் பள்ளி திறக்கப்பட்டது. உயில் எழுதிய கைக்கும் முதல் மாணவனின் ஏட்டுக்கும் இடையே கழிந்தவை ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள். இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் இதற்கிடையே வளர்ந்து முடிந்துவிட்டனர்.

இந்நோய் பச்சையப்பர் அறக்கட்டளையை மட்டும் பற்றியதன்று. ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதுமன்று. 1817ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசு இயற்றிய ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம் கோயில், பள்ளிவாசல், சத்திரம் ஆகியவற்றுக்கு விடப்பட்ட மானியங்கள் அனைத்தையும் ஒருசேர வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. மானியம் தவறான வழியில் செலவாகிறது என்ற முறையீடு எல்லாப் பக்கத்திலிருந்தும் எழுந்ததே காரணம். இசுலாமியரின் வக்பு அறத்தில், இறைவன் பெயரால் விடப்பட்ட சொத்தை விற்கவோ பங்கிடவோ இயலாது. அதனைக் காக்கும் முத்தவல்லி உரிமையாளர் அல்லர், பொறுப்பாளர் மட்டுமே. இத்துணைத் தெளிவான நெறி இருந்தும், கணக்குக் காட்டாத முத்தவல்லிகள் இருந்தனர். அதனாலேயே 1923ஆம் ஆண்டின் முசல்மான் வக்பு சட்டம், அவர்கள் வரவு செலவு அறிக்கையை நீதிமன்றத்தில் அளிக்க வேண்டும் என விதித்தது.

காஞ்சி வட்டாரத்துக்கு இச்சிந்தனை புதிதன்று. அருகிலுள்ள உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்து, 921ஆம் ஆண்டைச் சார்ந்த கல்வெட்டு, குடவோலை முறையில் வாரியப் பொறுப்புக்கு வர இயலாதவர்களை வரிசைப்படுத்துகிறது. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் அவ்வரிசையில் இடம்பெறுகிறார். அவருடைய நெருங்கிய உறவினரும் உடன் விலக்கப்படுகின்றனர். ஏகாம்பரநாதரை வழிபட வந்த பச்சையப்பர் இக்கல்லைப் படித்திருக்க வாய்ப்பில்லை. படித்திருந்தால் உயிலில் இன்னொரு பத்தி சேர்ந்திருக்கக்கூடும்.

பச்சையப்பர் பள்ளி பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. கணித மேதை இராமானுசன் 1906இல் அங்குச் சேர்ந்து பயின்றார். காஞ்சிபுரத்திலும் அறக்கட்டளையின் பள்ளி அமைந்தது. நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா அப்பள்ளியில் படித்தார். குடும்ப வறுமையால் சிறிது காலம் நகராட்சியில் எழுத்தராகப் பணியாற்றிவிட்டு, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மேற்படிப்பைத் தொடர்ந்தார். அறக்கட்டளைக்கு ஒரு வரம்பும் இருந்தது. நெடுங்காலம் கல்லூரியில் இந்து மாணவர்களே சேர்க்கப்பட்டனர். 1947ஆம் ஆண்டு அந்த வரம்பு நீங்கி, அனைத்துச் சமயத்தாருக்கும் கதவு திறந்தது. அதே ஆண்டில் காஞ்சிபுரத்திலும் பச்சையப்பன் பெயரில் ஆடவர் கல்லூரி தொடங்கப்பட்டது.