திரைக்கலை வளர்த்த செம்மல்

கலைகள் பலவற்றுள்ளும் வயதில் இளையது திரைப்படக் கலை. இசையும் ஓவியமும் கூத்தும் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்களோடு வாழ்ந்து வருவன. திரைப்படமோ 1895ஆம் ஆண்டில்தான் பாரிஸ் நகரப் பொதுமக்கள் முன் தோன்றிற்று. தோன்றிய சில ஆண்டுகளிலேயே அது பெருவாணிகமாக வளர்ந்தது. பொருள் ஈட்டும் படங்களே கொட்டகைகளில் இடம்பெற்றன. கலைநயம் மிக்க படங்களைக் காண விழைந்தோர்க்கு வழி அரிதாயிற்று. அக்குறையை நீக்கும் பொருட்டு, ஊதியம் கருதாத ஆர்வலர்கள் ஒன்றுகூடி நிறுவியவையே திரைப்படக் கழகங்கள். நம் நாட்டில் அவை வேரூன்ற உழைத்தவருள் தலைசிறந்தவர் சத்தியஜித் ராய் ஆவார்.

அவர் 1921ஆம் ஆண்டு மே திங்கள் 2ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். பாட்டனார் உபேந்திரகிஷோர், எழுத்தாளர், அச்சுக்கலையில் வல்லவர். தந்தையார் சுகுமார் ராய், குழந்தைகளுக்கு நகைச்சுவைப் பாடல்கள் இயற்றிப் புகழ் பெற்றவர். மூன்று வயது நிரம்புமுன்னரே ராய் தந்தையை இழந்தார். அன்னையார் சுப்பிரபா உழைத்து மகனைப் படிக்க வைத்தார். பின்னர்ச் சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸ் முதலிய ஆசிரியர்களிடம் ஓவியம் பயின்ற ராய், 1943ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியேற்றார். பகலில் விளம்பரம் வரைந்த அவரது உள்ளம் திரைக்கலையையே நாடி நின்றது.

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டின் அக்டோபர்த் திங்களில், ராயும் அவர்தம் நண்பர் சிதானந்த தாஸ்குப்தாவும் வேறு சிலரும் சேர்ந்து கல்கத்தா திரைப்படக் கழகத்தைத் தோற்றுவித்தனர். உறுப்பினர் சிலரே, கட்டணமும் சிறிதே. கழகத்துக்கெனக் கட்டடம் இல்லை. கிடைத்த அறையில் திரை கட்டி, சிறு படக்கருவியைக் கொண்டு படம் காட்டினர். ருஷிய நாட்டு இயக்குநர் ஐசன்ஸ்டைன் படைத்த ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ என்பதே அவர்கள் முதலில் காட்டிய படம். படம் முடிந்தபின் எவரும் எழுந்து செல்லார். அதன் நிறைகுறைகளை ஆராய்ந்து உரையாடுவர்.

இம்முயற்சிக்கு எதிர்ப்பும் எழாமல் இல்லை. தம் படங்களைப் பழிக்க வந்த கூட்டம் இது எனப் படத்தொழிலார் சிலர் ஐயுற்றனர். திரைப்படத் தொடர்பே இல்லத்துக்கு இழுக்கு என்று எண்ணிய வீட்டுக்காரரும் இருந்தார். ஆயினும் நண்பர்கள் மனந்தளரவில்லை. 1949ஆம் ஆண்டில் கல்கத்தா வந்த பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாருடன் ராய் சிற்றூர்கள்தோறும் சென்று இடம் தேர உதவினார். அடுத்த ஆண்டு நிறுவனம் அவரை இலண்டனுக்கு அனுப்பியது. அங்குத் தங்கிய ஏறத்தாழ ஆறு மாதங்களில் அவர் கண்ட படங்கள் நூறளவின. ஏழைத் தொழிலாளி ஒருவனின் துயரைக் காட்டும் ‘சைக்கிள் திருடர்கள்’ என்னும் இத்தாலியப் படம், அரங்க அலங்காரமும் புகழ்பெற்ற நடிகரும் இன்றியே சிறந்த படம் ஆக்கலாம் என்ற துணிவை அவருக்கு ஈந்தது.

1952ஆம் ஆண்டில் ‘பாதேர் பாஞ்சாலி’ என்னும் படத்தை அவர் தொடங்கினார். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்குமுன் திரைப்படம் எதற்கும் ஒளிப்பதிவு செய்தவர் அல்லர். கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவோ கழகத்தைத் தொடங்கிய நண்பருள் ஒருவர். நாணற்பூக் காட்டில் முதல்நாள் படம் எடுத்துவிட்டு அடுத்த வாரம் சென்றபோது, பூக்களையெல்லாம் கால்நடைகள் மேய்ந்துவிட்டிருந்தன! மீண்டும் அவை பூக்க ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. கைப்பொருள் கரைந்தது, ஆயுள் காப்பீட்டின்மேல் கடன் பெற்றார், மனைவியார் விஜயாவின் நகைகளும் அடகுக்குச் சென்றன. பணி பன்முறை நின்றது. இறுதியில் மேற்கு வங்காள அரசின் பொருளுதவியால் 1955ஆம் ஆண்டில் படம் நிறைவெய்தியது. மறு ஆண்டு பிரான்சு நாட்டுக் கான் விழாவில் அது பரிசு பெற்றது.

புகழ் வந்தபின்னும் ராய் கழகத்தை மறந்தாரல்லர். கழகம் ஒன்று தனித்து நின்றால் படம் வருவித்தலே பெருஞ்சுமையாகும். பல கழகங்கள் கைகோத்தால் ஒரே படச்சுருள் ஊர்தோறும் சென்று பலர்க்கும் பயன்படும். இவ்வுண்மையை உணர்ந்து, கல்கத்தா, தில்லி, பம்பாய், சென்னை, பாட்னா, ரூர்க்கி ஆகிய ஊர்களின் கழகங்கள் 1959ஆம் ஆண்டில் இந்தியத் திரைப்படக் கழகங்களின் கூட்டமைப்பை நிறுவின. ராய் தலைவரானார். சென்னையில் வாழ்ந்த விடுதலை வீராங்கனை அம்மு சுவாமிநாதன் துணைத்தலைவருள் ஒருவராக விளங்கினார்.

1992ஆம் ஆண்டில் ‘பாரத ரத்னா’ விருதும் ஆஸ்கார் சிறப்பு விருதும் ராயை நாடி வந்தன. அவ்வாண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அவர் மறைந்தார். சிலர் மட்டும் கூடிய ஓர் அறையில், தாம் கண்டு மகிழ்ந்ததைப் பிறரும் காணவேண்டும் என்று எண்ணியவர்கள் இட்ட வித்தே பின்னர்ப் பெருமரமாயிற்று. நல்ல கலை வளர்வதற்குப் படைப்போர் மட்டும் போதார். அதனைத் தேடிக் காண்போரும், ஊதியம் எதிர்பாராது பிறர்க்குக் காட்டுவோரும் வேண்டும். இவ்விரு பணியையும் ஒருசேர ஆற்றிய ராயின் வாழ்வு இளைஞர் உளங்கொளத் தக்கது.