கப்பல் வருமுன் துறைமுகம் கட்டிய மனிசன்

எங்கட சனத்தில் வளைகுடாவுக்குப் போய் உழைத்து, அந்தக் காசை ஏஜென்சிக்குக் கட்டி இஞ்சால வந்து சேர்ந்தவர்கள் கனபேர். நானும் அதில் ஒருவன். டுபாயில் ஐந்து வருசம் ஸ்ரோர்க் கணக்கு எழுதினேன். அந்த ஊரை ஆளாக்கிய ஷேக் ராஷித் பின் சயீத் அல் மக்தூம் பற்றி எமது இளம் பிள்ளைகளும் அறியவேண்டும் என்பதால் இந்தப் புத்தாண்டு மலரில் எழுதுகிறேன்.

ராஷித் பிறந்தது 1912இல். அப்போது டுபாய் முத்துக்குளிப்பில் சீவித்த சிறு பட்டினம். எங்கட மன்னார் அரிப்புக் கடலுக்கும் அக்காலத்தில் அரபுச் சுழியோடிகள் வந்து போனவர்கள். 1930ஆம் ஆண்டளவில் யப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து அந்தத் தொழிலை விழுத்திப் போட்டன. ஒரே தொழிலை நம்பிய ஊர் எப்படி வறுமைப்படும் என்பதை வாலிப வயதிலேயே அவர் கண்டுவிட்டார்.

1958இல் அவர் ஆட்சிக்கு வந்தபோது எண்ணெய் இல்லை. இருந்தது ஒரு கடற்கழி. அதையும் மணல் மூடிக்கொண்டு வந்தது. குவைத்திடம் கடன்பட்டும், வியாபாரிகளுக்குக் கடன்பத்திரம் விற்றும், 1959இல் அதை ஆழமாக்கத் தொடங்கினார். கையில் காசு வந்தபின் செய்வோம் என்று அவர் இருக்கவில்லை. எண்ணெய் கண்டது அதற்குப் பிறகு, 1966இல்தான்.

எண்ணெய்க் காசு வந்தபோதும் அது ஒருநாள் வற்றும் என்றே நினைத்தார். ராஷித் துறைமுகத்துக்கு முதலில் போட்ட திட்டத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே பலமடங்கு பெருப்பித்தார். அது 1972இல் திறக்கப்பட்டது. பிறகு ஊருக்கு ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தள்ளி, பாலைவனத்தைத் தோண்டி ஜெபல் அலித் துறைமுகம். 1979இல் திறந்தபோது இவ்வளவு துறைக்குக் கப்பல் எங்கே என்று கேட்டவர்கள் பலர். அதே ஆண்டில் முடிந்த கப்பல் திருத்தும் தளமும் 1983 வரை சும்மா கிடந்தது. நான் 1984இல் போனபோதும் ஜெபல் அலியில் பெரும்பகுதி வெறுமைதான்.

மனேஜருக்கும் முதலாளிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் விளங்கும். நல்ல மனேஜர் வருகிற கப்பலை எண்ணித் துறை கேட்பார். அதில் பிழையில்லை. ராஷித்தும் கெட்டித்தனமான எஞ்சினியர்மாரையும் கணக்கர்களையும் பக்கத்தில் வைத்திருந்தார். ஆனால் கணக்கு சரிவராத காலத்தைத் தாங்குகிற நெஞ்சு வேறு. தாங்குவது என்றால் கையைக் கட்டிக் காத்திருப்பதுமல்ல. ஈரான் ஈராக் யுத்தத்தில் அடிபட்ட கப்பல்கள் வர, திருத்தும் தளத்துக்கு வேலை கிடைத்தது. வெறுமையாய்க் கிடந்த ஜெபல் அலியைச் சுற்றி 1985இல் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. வெளிநாட்டவர் முழு உரிமையோடு தொழில் தொடங்கலாம் என்றதும் கொம்பனிகள் வந்தன, கப்பலும் வந்தது.

ஒன்றை மறைக்கக்கூடாது. அவர் ஆட்சியாளர். நிலமும் சட்டமும் அவர் கையில். வெயிலில் நின்று கட்டியவர்கள் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை போன்ற நாடுகளிலிருந்து போன தொழிலாளர். சீட்டுக் காசில் கடை போடுகிற எங்கட ஆக்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் அவர் பட்ட அளவுக்குக் கடன்படச் சொல்லி நான் எழுதவில்லை.

1981இல் கடும் நோயில் விழுந்த அவர், 1990 ஒக்ரோபர் 7இல் காலமானார். ஜெபல் அலி இன்று மத்திய கிழக்கின் மிகப்பெரிய துறைமுகம். எல்லாம் இழந்து வந்த நாங்கள் அவரிடம் எடுக்கக்கூடியது ஒன்றுண்டு. கடைக்கு ஆள் வராத மாதத்தில் பூட்டுவதா விடுவதா என்று மட்டும் யோசியாமல், அந்த இடத்தை வேறு எதற்குப் பாவிக்கலாம் என்றும் யோசியுங்கோ.