கணித மேதை மகாவீராசாரியார்

மகாவீரர் என்னும் திருப்பெயரைக் கேட்டவுடன் நம் நெஞ்சம் இருபத்துநான்காம் தீர்த்தங்கரரையே நாடும். அப்பெருமானின் பெயரைத் தாங்கி, அவருக்கு ஏறத்தாழப் பதினான்கு நூற்றாண்டுகள் பின்னர்த் தோன்றியவர் கணித மேதை மகாவீராசாரியார். கணித வரலாறு எழுதுவோர் இவரை நன்கறிவர். நம் இல்லத்துச் சிறார் அறிவதோ அரிதாக உள்ளது.

இவர் இராட்டிரகூடப் பேரரசன் அமோகவர்ஷன் (கி.பி. 814–878) காலத்தவர். மானியகேடத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட அம்மன்னன் ஜினசேனாசாரியாரைக் குருவாகப் போற்றியவன். ஸ்ரீபுராணம் ஓதும் நம் குடும்பங்களுக்கு ஜினசேனர் புதியவர் அல்லர்; அந்நூலுக்கு மூலமான மகாபுராணத்தைத் தொடங்கியவர் அவரே. அத்தகைய சூழலில், கி.பி. 850ஐ ஒட்டி, மகாவீராசாரியார் கணிதசாரசங்கிரகம் என்னும் வடமொழி நூலை இயற்றினார். ஒன்பது அதிகாரங்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட சுலோகங்கள். ஜினரை வணங்கித் தொடங்கி, மன்னனைப் புகழ்ந்து, தம்மைப் பற்றி ஏதும் கூறாமலே நூலுக்குள் புகுந்துவிடுகிறார். ஆகவே அவருடைய வாழ்க்கையை அவருடைய கணக்குகளில்தான் நாம் காண வேண்டும்.

ஆரியபட்டரும் பிரமகுப்தரும் கணிதத்தை வானியலின் ஓர் அங்கமாக வைத்துப் பாடினர். இவரோ கணிதத்துக்கென்றே ஒரு முழு நூல் செய்தார். முதலில் அளவைகளும் கலைச்சொற்களும், அடுத்து விதி, அதன் பின் எடுத்துக்காட்டுகள் என அவர் செல்லும் முறை, ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற பாட முறையினின்று அதிகம் வேறுபட்டதன்று. அறியாத எண்ணைக் கண்டறியும் இயற்கணிதத்தை அவர் புகட்டும் விதம் இனியது. ஓர் ஒட்டகக் கூட்டத்தில் நான்கில் ஒரு பங்கு காட்டில் நின்றது, மொத்தத்தின் வர்க்கமூலத்தைப் போல் இரு மடங்கு மலைச்சாரலுக்குச் சென்றது, பதினைந்து ஆற்றங்கரையில் எஞ்சின, மொத்தம் எத்தனை? விடை 36. ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து எனக் கூட்டிப் பார்த்துக் குழந்தைகளே சரிபார்க்கலாம்.

கார்ப்பு, கைப்பு முதலிய அறுசுவைகளை ஒன்றாகவும் இரண்டாகவும் பலவாகவும் சேர்த்தால் எத்தனை வகை கிடைக்கும் என்றும் வினவுகிறார். விடை 63. நம் ஆகமங்களில் முன்னரே இடம்பெற்ற இவ்வகை எண்ணிக்கைக்கு, எத்தனை பொருளுக்கும் பொருந்தும் பொதுவிதியை அளித்தது இவருடைய பெருஞ்செயல். பின்னங்களைக் கூட்டும்போது மீச்சிறு பொது மடங்கைக் கையாளவும் கற்பித்தார். குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை எனத் தெளிவாக உரைத்தார். 27994681 என்னும் எண்ணை 441ஆல் பெருக்கினால் 12345654321 வரும். இத்தகைய பெருக்கங்களை மாலைகளாகக் கோத்து மகிழ்ந்தவரும் அவரே.

வேதாரண்யம் பக்கத்தில் வாழும் நமக்கு அவருடைய குளக்கணக்கே மிக நெருக்கமானது. நம் குளங்கள் மேலே அகன்றும் அடியில் குறுகியும் இருப்பவை. மேலே 20 அடிச் சதுரம், அடியில் 10 அடிச் சதுரம், ஆழம் 3 அடி எனக் கொள்வோம். சராசரிப் பக்கமான 15 அடியைக் கொண்டு கணக்கிட்டால் 675 கன அடி. இரு பரப்புகளின் சராசரியைக் கொண்டால் 750. இரண்டும் துல்லியமல்ல. இவ்விரண்டின் வேறுபாடான 75இல் மூன்றில் ஒரு பங்கை முதல் விடையுடன் கூட்டுக என்கிறார். 700 கன அடி கிடைக்கிறது. அதுவே சரியான அளவு. இம்முறை பிரமகுப்தரிடமும் உண்டு. முன்னோர் சொன்னவற்றைத் திரட்டித் தருவதாகவே ஆசாரியாரும் கூறிக்கொள்கிறார். மண் வெட்டுவோர்க்குக் கூலி அளந்து கொடுக்கும் ஊரில் 25 கன அடி சிறிய வேறுபாடன்று.

சுழியால் வகுத்தால் எண் மாறாது என்று அவர் கூறியது பிழையே. அதை மறைத்துப் புகழ வேண்டியதில்லை.

பதினொன்றாம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்கில் ஆக்கினார். கன்னட உரையும் எழுந்தது. பின்னர் 1150இல் பாஸ்கரர் இயற்றிய லீலாவதி எங்கும் பரவியதால் இவருடைய புகழ் மங்கியது. எனினும் ஏடுகள் அழியவில்லை. அவற்றைத் திரட்டி ஒப்பிட்டவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. அரங்காசாரியார். 1908இல் உரோம் நகரில் நடந்த உலகக் கணித மாநாட்டில் அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் யூஜின் ஸ்மித் இந்நூல் பற்றிக் கட்டுரை படித்தார். ஆங்கில மொழிபெயர்ப்புடன் நூல் 1912இல் சென்னை அரசு அச்சகத்தில் வெளிவந்தது. அதன் பின்னரே உலகம் இவரை மேற்கோள் காட்டத் தொடங்கியது. 1963இல் சோலாப்பூரிலிருந்து இந்திப் பதிப்பும், 2000இல் கன்னடப் பதிப்பும் வந்தன.

அரங்காசாரியாருக்குக் கிடைத்த ஏடுகளுள் ஒன்று, தமிழகத்தார் வடமொழி எழுதப் பயன்படுத்திய கிரந்த எழுத்தில் அமைந்தது. முதல் ஐந்து அதிகாரங்களும் உரையும் மட்டுமே அதில் உண்டு. நான்காம் அதிகாரத்து ஒட்டகக் கணக்கு அவ்வேட்டைப் படித்த நம் முன்னோர்க்குத் தெரிந்தே இருக்கும். அறுசுவைக் கணக்கும் குளக்கணக்கும் கன்னட ஏடுகளின் வழியே நம்மை வந்தடைந்தன.