ஹெலன் ரிச்சி

ஹெலன் ரிச்சி (நவம்பர் 21, 1909 – ஜனவரி 7, 1947) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பெண் விமானி ஆவார். அந்நாட்டில் கால அட்டவணைப்படி பயணிகள் சேவை நடத்திய விமான நிறுவனமொன்றில் விமானியாகப் பணியமர்த்தப்பட்ட முதல் பெண் இவரே. ஆனால் ஓராண்டு நிறைவுறும் முன்பே இவர் அப்பணியிலிருந்து விலக நேர்ந்தது.

இளமை

ரிச்சி பென்சில்வேனியா மாநிலத்தின் மக்கீஸ்போர்ட் நகரில் பிறந்தார். தந்தை அந்நகரப் பள்ளிகளின் மேற்பார்வையாளராக இருந்தவர். இருபது வயதளவில் விமானம் ஓட்டக் கற்ற ரிச்சி, உரிமம் பெற்றதும் தந்தை இவருக்கு ஒரு விமானத்தை வாங்கித் தந்தார்.

1933 டிசம்பரில் பிரான்சிஸ் மார்சலிஸ் என்ற பெண் விமானியுடன் இணைந்து, மயாமி நகரின் மேல் தரையிறங்காமல் ஏறத்தாழ 10 நாட்கள் பறந்து பெண்களுக்கான சாதனையை ஏற்படுத்தினார். எரிபொருள் வானிலேயே மற்றொரு விமானத்திலிருந்து குழாய் மூலம் நிரப்பப்பட்டது. 1934இல் ஓகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் நடைபெற்ற பெண்களுக்கான தேசிய விமானப் போட்டியில் முதன்மைப் பந்தயத்தை வென்றார். அதே போட்டியில் நிகழ்ந்த விபத்தில் மார்சலிஸ் உயிரிழந்தார்.

பயணிகள் விமானப் பணி

1934இன் இறுதியில் சென்ட்ரல் ஏர்லைன்ஸ் நிறுவனம் ரிச்சியைப் பணியில் சேர்த்தது. டிசம்பர் 31 அன்று வாஷிங்டனிலிருந்து டெட்ராய்ட்டுக்கு மூன்று எஞ்சின்கள் கொண்ட ஃபோர்டு விமானத்தைத் துணை விமானியாகச் செலுத்தினார்.

விமானிகளின் தொழிற்சங்கம் பெண் என்ற காரணத்தால் இவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. மோசமான வானிலையில் விமானத்தைக் கட்டுப்படுத்தும் உடல் வலிமை பெண்களுக்கு இல்லை என்பது எதிர்த்தவர்களின் வாதம். அரசின் வணிகத் துறையும் நல்ல வானிலையில் மட்டும் இவரைப் பறக்க விடுமாறு நிறுவனத்துக்கு அறிவுறுத்தியது. இதனால் இவருக்குக் கிடைத்த பயணங்கள் மிகச் சிலவே. நிறுவனம் இவரைப் பெரும்பாலும் விளம்பரக் கூட்டங்களுக்கே பயன்படுத்தியது. இந்நிலையில் 1935இல் ரிச்சி பதவி விலகினார். புகழ்பெற்ற விமானியான அமேலியா ஏர்ஹார்ட் இவருக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார்.

பிற்காலப் பணிகள்

பின்னர், விமானிகள் வழியறிவதற்காக ஊர்ப்பெயர்களைக் கூரைகளில் பெரிய எழுத்துகளில் எழுதச் செய்யும் அரசுத் திட்டத்தில் ரிச்சி பணியாற்றினார். 1936இல் ஏர்ஹார்ட்டுடன் பெண்டிக்ஸ் கோப்பைப் பந்தயத்தில் பறந்து ஐந்தாம் இடம் பெற்றார். முதல் இரண்டு இடங்களையும் அவ்வாண்டு பெண்களே பிடித்தனர்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் பிரித்தானியா சென்று, போர் விமானங்களைத் தளங்களுக்குக் கொண்டு சேர்க்கும் துணைப் படையில் சேர்ந்தார். 1943இல் தாயகம் திரும்பி, அமெரிக்க வான்படைக்காக விமானம் ஓட்டிய வாஸ்ப் என்னும் பெண் விமானிகள் அமைப்பில் இணைந்தார். அவ்வமைப்பு 1944 டிசம்பரில் கலைக்கப்பட்டது.

மறைவு

போருக்குப் பின் ஆண் விமானிகள் ஏராளமாக இருந்ததால் ரிச்சிக்கு விமானி வேலை கிடைக்கவில்லை. 1947இல் நியூயார்க் நகரில் தமது குடியிருப்பில் இறந்து கிடந்தார். அது தற்கொலை எனக் கருதப்பட்டது. அப்போது இவருக்கு வயது 37.

ரிச்சிக்குப் பின் அமெரிக்கப் பயணிகள் விமான நிறுவனமொன்றில் நிலையான விமானிப் பணி பெற்றவர் எமிலி ஹோவெல் வார்னர். ஃபிராண்டியர் ஏர்லைன்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது 1973இல். ரிச்சி விலகி 38 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1974இல் விமானிகள் தொழிற்சங்கத்தின் முதல் பெண் உறுப்பினராகவும் வார்னர் ஆனார்.