கட்சியின் கணக்குப் புத்தகத்தைப் படித்த அம்பேத்கர்

தேர்தல் பத்திரத் திட்டம் அரசமைப்புச் சட்டத்திற்கு முரணானது என 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, கட்சிகளுக்குப் பணம் கொடுப்பவர் யார் என்ற கேள்வி சில மாதங்கள் பரபரப்பாகப் பேசப்பட்டது. அந்தப் பணம் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதித்துவத்தை என்ன செய்கிறது என்பதை அப்போதும் எவரும் பேசவில்லை. அண்ணல் அம்பேத்கரின் அரசியல் வாழ்வை அந்தக் கேள்வியோடு மீண்டும் படிக்க நாம் விரும்புகிறோம்.

பணத்தின் தன்மையை அவர் இளமையிலேயே அறிந்தவர். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில்தான் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். திரும்பி வந்து பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. 1917இல் பணியேற்கச் சென்றவருக்கு அந்த நகரில் தங்க ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. சில நாட்களிலேயே வெளியேற நேர்ந்தது. 1920இல் தொடங்கிய ‘மூக்நாயக்’ இதழுக்குக் கோலாப்பூர் சாகு மகாராஜா 2,500 ரூபாய் வழங்கினார். அவ்விதழின் விளம்பரத்தைக் கட்டணம் தருவதாகச் சொல்லியும் ‘கேசரி’ வெளியிட மறுத்தது. இரு மன்னர்களும் சாதியை எதிர்த்தவர்கள், அவர்களுக்கு நாம் நன்றியுடையோம். ஆனால் ஓர் இயக்கம் புரவலரின் கருணையை நம்பி நிற்க முடியாது. 1927இல் தொடங்கிய ‘பகிஷ்கிருத் பாரத்’ இதழ் பணமின்றியே நின்றுபோனது.

1932 செப்டம்பரில் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தை வழக்கமாக இடங்களின் எண்ணிக்கையை வைத்தே பேசுகிறோம்: மாகாண சட்டமன்றங்களில் 71 இடங்கள் 148 ஆயின. வழக்குரைஞர்களாகிய நமக்கு அதன் நடைமுறையே முக்கியம். முதற்கட்டத்தில் தீண்டப்படாதோர் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்ந்தெடுப்பர். அந்நால்வரில் ஒருவரை இறுதிக்கட்டத்தில் பொது வாக்காளர்கள் அனைவரும் தேர்ந்தெடுப்பர். முதற்கட்டத்தில் நான்காவதாக வந்தவரும் இறுதியில் வெல்லலாம். சேரி மக்கள் விரும்பியவரைத் தோற்கடிக்க எவரும் சட்டத்தை மீற வேண்டியதில்லை. இணக்கமான ஒருவரைக் கண்டறிந்து, அவருடைய தேர்தல் செலவை ஏற்றுக்கொண்டால் போதும். அச்செலவை ஏற்கும் வசதி எந்தக் கட்சிக்கு இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒப்பந்தம் முடிந்த சில நாட்களிலேயே, பின்னாளில் ஹரிஜன் சேவக் சங்கம் எனப் பெயர் பெற்ற அமைப்பு உருவானது. அதன் தலைவர் பெருந்தொழிலதிபர் ஜி.டி. பிர்லா, செயலாளர் ஏ.வி. தக்கர். அம்பேத்கரும் முதலில் அதன் குழுவில் இருந்தார். நீர்நிலை, பள்ளி, வேலை ஆகியவற்றில் குடியுரிமையை நிலைநாட்டும் போராட்டத்தைச் சங்கம் நடத்த வேண்டும் என்று 1932 நவம்பரில் லண்டன் செல்லும் கப்பலிலிருந்து தக்கருக்கு விரிவாக எழுதினார். பதில் வரவில்லை. சங்கம் தொண்டுப் பணியைத் தேர்ந்துகொண்டது, அவர் விலகினார். பிர்லாவின் நல்லெண்ணத்தை நாம் இங்கே விசாரிக்கவில்லை. தீண்டப்படாதோரின் பெயரில் திரட்டப்பட்ட நிதியை எதற்குச் செலவிடுவது என்ற முடிவு தீண்டப்படாதோரிடம் இல்லை என்பதே அம்பேத்கரின் குற்றச்சாட்டு.

1936இல் அவர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1937 பம்பாய் மாகாணத் தேர்தலில் அவரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியவர் புகழ்பெற்ற பந்துவீச்சாளர் பல்வாங்கர் பாலு, அவரும் ஒரு தலித். அம்பேத்கர் வென்றார், அவர் கட்சி நிறுத்திய 17 பேரில் மிகப் பெரும்பாலோரும் வென்றனர். அவ்வாண்டு செப்டம்பரில் கொங்கணத்தின் கோத்தி நிலமுறையை ஒழிக்கும் மசோதாவை அவர் கொண்டுவந்தார். 1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான உழவர்கள் பம்பாய்ச் சட்டமன்றம் நோக்கி அணிவகுத்தனர். உழவர் பெயரால் ஆட்சிக்கு வந்த காங்கிரஸ் அம்மசோதாவை நிறைவேற்றவில்லை. கோத்தி முறை 1949 வரை நீடித்தது. அதே அரசு வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தும் தொழில் தகராறு மசோதாவைக் கொண்டுவந்தது. அதனால் ஆலை முதலாளிகள் அடைந்த பயன் வெளிப்படை. 1938 நவம்பர் 7 அன்று கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து அம்பேத்கர் ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார்.

1945இல், காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று வினவும் நூலை வெளியிட்டார். திலகர் சுயராஜ்ய நிதியாக ஒரு கோடி ரூபாய்க்கு மேல் திரட்டிய கட்சி, அதில் தீண்டப்படாதோருக்கு எவ்வளவு செலவிட்டது என்று கணக்கை எடுத்துவைத்துக் கேட்டார். இந்நூலைக் காந்தி மீதான தாக்குதலாக மட்டுமே படிப்பவர்கள் அதிலுள்ள தணிக்கையாளரைக் காணத் தவறுகின்றனர். 1947இல் அவர் தயாரித்த ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கை இன்னும் ஒரு படி மேலே சென்றது. அடிப்படைத் தொழில்களும் வேளாண்மையும் அரசுடைமையாக வேண்டும். அதை அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்றது. சாதாரணச் சட்டமாக விட்டால் அடுத்து வரும் பெரும்பான்மை அதை அழித்துவிடும் என்று அவர் கணித்தார். அரசமைப்பு அவை அதை ஏற்கவில்லை.

1951இன் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அவர் சட்ட அமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. வேட்பாளரின் செலவுக்கு அது வரம்பு வைத்தது. கட்சி செய்யும் செலவும் அவ்வரம்புக்குள் வரும் என்று 1974இல் உச்சநீதிமன்றம் சொன்னபோது, அத்தீர்ப்பைச் செயலிழக்கச் செய்ய அதே ஆண்டு சட்டத்தையே திருத்தினார்கள். வேட்பாளருக்கு வரம்பு உண்டு, கட்சிக்கு இல்லை என்ற விசித்திரம் இன்றும் தொடர்கிறது. தனித்தொகுதியில் நிற்கும் வேட்பாளர் தன் கட்சித் தலைமையை ஏன் எதிர்த்துப் பேசுவதில்லை என்று கேட்கும் மாணவர்கள் இந்தத் திருத்தத்தைத் தேடிப் படிக்க வேண்டும்.

1952 தேர்தலில் வடக்கு பம்பாயில் அம்பேத்கர் 1,23,576 வாக்குகள் பெற்று, காங்கிரசின் நாராயண் கஜ்ரோல்கரிடம் சுமார் 14,500 வாக்குகளில் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோல்வி. இரண்டு முறையும் அவரை வென்றவர் காங்கிரசின் பட்டியல் சாதி வேட்பாளரே. மாநிலங்களவை உறுப்பினராகவே 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார். சாதி கடந்த கட்சியாக அவர் திட்டமிட்டிருந்த இந்தியக் குடியரசுக் கட்சி 1957 அக்டோபரில் நாக்பூரில் தொடங்கப்பட்டது. அறுபதுகள் முடிவதற்குள் அது பிளவுபட்டது. அதன் முதன்மையான பிரிவு மகாராஷ்டிரத்தில் காங்கிரசோடு கூட்டணிக்குச் சென்றது.